அம்மா இடது கையால் பரிமாறிய நாள்

அம்மாவின் வலது தோளில் தசைநார் எப்படிக் கிழிந்தது என்பதற்கு மூன்று கதைகள் இருந்தன. குடும்ப வைத்தியரின் தாளில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். பிசியோதெரபிஸ்டின் தாளில் ஈரப் போர்வையைக் கொடியில் போட எட்டியபோது தோள் இழுபட்டிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணரின் கடிதத்தில் காரின் பின்பக்கத்திலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கியிருந்தார். மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. அலுவலகத்தில் கோப்பு வாசிக்கும்போது வருகிற அதே குறுகுறுப்புத்தான் வந்தது.

என் வேலை அப்படி. எல்லர்ஸ்லியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வேலையிடங்களில் அடிபட்டவர்களின் கோப்புகளைப் பார்க்கிற கம்பெனியில் இருக்கிறேன். அடிபட்டவர் சொன்னதும் வைத்தியர் எழுதியதும் முதலாளி சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வாசிப்பேன். பொருந்தாத வரிக்கு மஞ்சள் நிறம் பூசுவேன். மஞ்சள் அதிகமான கோப்பு மேலே போகும். பெரும்பாலும் "இல்லை" என்ற பதிலோடு திரும்பி வரும்.

நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் விபத்தில் அடிபட்டால் யார் பிழை என்று கேட்பதில்லை. தானாக விழுந்தாலும், இன்னொருவர் இடித்து விழுந்தாலும், சிகிச்சையை அரசாங்கக் காப்பீடு ஏற்கும். அதற்குப் பதிலாக யாரும் யார்மீதும் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. கேட்பது ஒரே கேள்வி: இது விபத்தா, அல்லது வயதும் வியாதியும் செய்த வேலையா? அந்த ஒரு கேள்விக்குள் நின்றுதான் வைத்தியர்களும் காப்பீட்டுக்காரரும் வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். நான் சம்பளம் வாங்குவது அந்தச் சண்டையில்.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மன்னாரில் அவருடைய பள்ளிக்கூடத்தை ஆமி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் போக வேறு பள்ளிக்கூடம் இருக்கவில்லை. அப்பா எந்தப் பள்ளிக்கூடமும் போகாதவர். நாங்கள் இங்கே வந்து இரண்டாம் வருடம் காலமானார். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் பத்து வயதிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். பிறகு அம்மாவின் சிநேகிதிகளின் கடிதங்களும் வந்தன. ஒருத்தியின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த முறைப்பாடு, இன்னொருத்தியின் விசாத் தாள், எங்கள் ஆட்கள் மாதா திருநாளுக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தின் நிபந்தனைகள் என்று எல்லாம் என் கையால்தான் போகும்.

அந்த டிசம்பரில் வந்ததும் ஒரு கடிதம்தான். ஆனால் இந்தமுறை அது அம்மாவின் பெயருக்கு வந்திருந்தது.

தோளைத் தைக்க வேண்டும் என்று நிபுணர் கேட்டிருந்தார். முடியாது என்று காப்பீட்டு அலுவலகம் பதில் எழுதியிருந்தது. அம்மாவை ஒரு நாளும் கண்டிராத அவர்களுடைய ஆலோசக வைத்தியர் ஸ்கான் படத்தை மட்டும் பார்த்து, இந்த வயதில் பலருடைய தோளும் இப்படித்தான் தேய்ந்திருக்கும் என்று சொல்லியிருந்தார். அதே படத்தைப் பார்த்து எங்கள் நிபுணர் புதுக் கிழிவு என்று எழுதியிருந்தார். அலுவலகத்தின் கடிதத்தில் இரண்டாம் பந்தி இருந்தது. விபத்து நடந்த விதம் பற்றித் தரப்பட்ட விவரங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. சிகிச்சை அளிப்பவரே தன் குறிப்பில் "நோயாளி சொல்லும் விவரம் மாறுகிறது" என்று பதிந்திருக்கிறார். ஆகவே பிசியோ சிகிச்சையையும் தொடர்ந்து ஏற்க முடியாது. அந்தப் பந்தியை எனக்கு நன்றாகத் தெரியும். சொற்கள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

அம்மா லின்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். கை நோவு வந்த பிறகு அங்கே துவாய் மடிக்கிற வேலை மட்டும் கொடுத்திருந்தார்கள். தலை வாரிக்கொள்ள அவரால் முடியவில்லை. காலையில் நான்தான் வாரிப் பின்னிவிட்டேன். இங்கே ஜூனில் தொடங்கும் அடுத்த குளிர்காலத்துக்கு முன் தைக்காவிட்டால் தசை சுருங்கிவிடும், பிறகு தைக்க ஒன்றும் இருக்காது என்று நிபுணர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அந்தக் குளிர்காலமும் போய் இன்னொன்றும் போகலாம். முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்க எங்களுக்கு மூன்று மாதம் இருந்தது.

"அம்மா, இதில எது உண்மை?"

அவர் இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எது எது?"

"குளியலறையோ, போர்வையோ, அரிசியோ?"

"எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. கை நோகுது. அதுதானே விசயம்."

"எல்லாம் ஒண்டில்லை. ஒரு தோள் ஒருக்காத்தான் கிழியும்."

"நான் சொன்னதை அவையள் எப்பிடி எழுதினவையோ, ஆருக்குத் தெரியும்? எனக்கு வாசிக்கத் தெரியுமே?"

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்ல அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், என்னிடம் அகப்படாமல் பொய் சொல்ல அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆகவே பொய் தாளில்தான் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெண் என்று கண்டு யாரோ தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு எழுதியதை இன்னொருத்தருக்கு வெட்டி ஒட்டுகிற கிளினிக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

பிசியோதெரபிஸ்டின் கிளினிக் மவுண்ட் ரோஸ்கில்லில், இங்கே டெய்ரி என்று சொல்கிற ஒரு மூலைக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருந்தது. அவர் கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். அம்மா அங்கே போவதற்குக் காரணம் தமிழில் பேசலாம் என்பதுதான். நான் கோப்போடு போய் உட்கார்ந்தேன். அம்மாவின் முழுக் குறிப்புகளும் வேண்டும் என்றேன்.

"தாராளமா. அம்மா கையெழுத்து போட்டிருக்காங்கள்ல," என்று அச்சடிக்கக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க இன்சூரன்ஸ்ல வேலை பாக்குறீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"இது வேற இன்சூரன்ஸ்."

"எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குது." சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நோயாளி சொல்லும் விவரம் மாறுகிறது எண்டு ஏன் எழுதினனீங்கள்? அந்த ஒரு வரியை வச்சுத்தான் மறுத்திருக்கினம்."

"மாறுச்சு, எழுதினேன்."

"இல்லாட்டி உங்கட குறிப்பில வெட்டி ஒட்டினது பிடிபட்டிடும் எண்டு முன்கூட்டியே எழுதி வச்சிட்டியளோ?"

அவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். குரல் உயரவில்லை. "இங்க பாருங்க. முதல் நாள் உங்கம்மா போர்வைன்னாங்க. ரெண்டாவது வாரம் பாத்ரூம்னாங்க. ஏம்மா, போன வாரம் போர்வைன்னீங்களேன்னு கேட்டா, ஆமா போர்வையும்தான்னாங்க. நான் எதைன்னு எழுத? ஒரு வரிய மாத்தினா என் லைசென்ஸ் போயிடும். உங்கள மாதிரி ஆளுங்க அனுப்புற கேள்வித்தாளுக்குப் பதில் எழுதவே வாரத்துல ஒரு நாள் போகுது. அவங்க அப்ரூவல் நின்னு நாலு வாரமாச்சு, நான் இன்னும் உங்கம்மாவ வரச்சொல்லி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதையும் சந்தேகப்பட்டு எழுதிக்கோங்க."

தாள்களை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று மாலை முழுக்க அவற்றை வாசித்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக, அவசரமாக, எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார். வெட்டி ஒட்டிய குறிப்பில் எழுத்துப் பிழையும் ஒரே மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு அங்கீகாரம் இல்லாமல் ஏன் சிகிச்சை செய்கிறார் என்றுதான் அடுத்துச் சந்தேகப்பட்டேன்.

பிறகு வேறொன்று கண்ணில் படத் தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது அம்மாவின் சிநேகிதிகள் ஒரு மூலையில் நிற்பார்கள். நான் கிட்டப் போனால் பேச்சு சட்டென்று மழைக்கோ மீன் விலைக்கோ மாறும்.

"வந்திட்டா பொலிஸ்," என்றார் ஒருநாள் அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் அம்மாவுக்கு இங்கே கிடைத்த முதல் சிநேகிதி. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாய் ஓயாதவர்.

"என்ன அன்ரி கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

"உன்ர கலியாணத்தைப் பற்றித்தான். மாப்பிள்ளை சொல்லுற எல்லாத்துக்கும் இவள் சாட்சி கேப்பாளே, பாவம் அந்தப் பெடியன் எண்டு."

மறுபடியும் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரியும் வழக்கமாக அம்மாவின் தோளில் தட்டித்தான் கதைப்பார். அந்த நாட்களில் அவர் அம்மாவின் வலது பக்கத்தில் நிற்பதே இல்லை என்பதைக் கவனித்தேன். கவனித்து, எதற்கென்று தெரியாமல், மனதில் மஞ்சள் பூசி வைத்தேன்.

ஜனவரி கடைசியில் மன்னாரில் இருக்கும் சின்னம்மா தொலைபேசியில் வந்து, திருநாள் படம் ஒன்றும் அனுப்பவில்லையே என்று அம்மாவைக் குறைபட்டார். எடுத்து அனுப்பு என்று அம்மா தன் போனை என்னிடம் தந்துவிட்டுத் துணி எடுக்கப் போனார். ஆகஸ்ட் திருநாள் படங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தன. சோடித்த மாதா, வெள்ளை உடுப்பில் பிள்ளைகள், முதலாம் வாசகம் வாசிக்கிற நான். பிறகு சாப்பாட்டு நேரத்தில் யாரோ எடுத்த சின்ன வீடியோ. வரிசையின் அந்தப் பக்கத்தில் அம்மா நின்று இறைச்சிக் கறி பரிமாறுகிறார்.

இடது கையால்.

அம்மா இடது கையால் ஒருவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார். சின்ன வயதில் நான் இடது கையால் பிஸ்கட் நீட்டி வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. வீடியோவில் அவருடைய வலது கை சேலை மடிப்புக்குள் இடுப்போடு ஒட்டிக்கிடந்தது. போனைப் பிடித்திருந்தவரின் குரல் கேட்டது: "என்னக்கா, இடக்கையால போடுறியள்? எங்களோட ஏதும் கோவமோ?" அம்மா நிமிராமலே சொன்னார்: "வலக்கை களைச்சுப்போச்சு."

நான் மூன்று தாள்களையும் எடுத்துத் திகதிகளைப் பார்த்தேன். மூன்று கதைகளும் செப்டம்பரில் நடந்தவை. மிக முந்தியதுகூடத் திருநாளுக்கு மூன்று கிழமை பிந்தியது. ஆகஸ்டிலேயே அம்மாவின் தோள் போயிருந்தது. அப்படியானால் மூன்றுமே பொய். பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார். காப்பீட்டு அலுவலகம் சந்தேகப்பட்டது சரி. பொய் சொன்னவர் வெளியே வெயிலில் நின்று ஒற்றைக் கையால் துணிக் கவ்வியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று நான் பதறவில்லை. என்னை ஏமாற்றிவிட்டாரே என்று கோபப்பட்டேன்.

வீடியோவைத் திறந்து மேசையில் வைத்தேன். அம்மா துணிக்கூடையோடு வந்து பார்த்தார். இரண்டாம் தரம் ஓடும்வரை நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கிறா," என்றார்.

"அம்மா."

"இரு. அன்ரியக் கூப்பிடுறன். அவ இல்லாமல் சொல்லமாட்டன். சத்தியம் பண்ணினனாங்கள்."

அன்ரி வீட்டுச் செருப்போடேயே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், மேசையில் இருந்த போனைப் பார்த்தார், கதிரையில் தொப்பென்று இருந்தார். "சொல்லிப்போட்டியளோ அக்கா?"

"இன்னும் இல்லை. நீர் சொல்லும்."

"நான்தான் கைய விட்டனான்," என்றார் அன்ரி என்னைப் பார்த்து.

நடந்தது இதுதான். மண்டபத்தின் குசினியில் சாப்பாட்டைச் சூடாக்கலாம், சமைக்கக் கூடாது. வெளியில் அடுப்பு மூட்டவே கூடாது. மீறினால் மண்டபம் இனிக் கிடைக்காது. இருநூறு பேருக்கு வீடுகளில் பிரித்துச் சமைத்தால் கறி ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு ருசியாக வரும், ஆறியும் போகும். அதனால் பெண்கள் ஒரு காஸ் அடுப்பைக் கொண்டுபோய், மண்டபத்துக்குப் பின்னால் வாகனங்களை மறைப்பாக நிறுத்திவிட்டு, பூசை நடக்கும்போதே பெரிய கிடாரத்தில் இறைச்சிக் கறி காய்ச்சியிருக்கிறார்கள். உள்ளே நான் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தேன். மழை தூறியது. கறி முடிந்ததும் அம்மா ஒரு கைபிடியிலும் அன்ரி மறு கைபிடியிலுமாகக் கிடாரத்தைத் தூக்கிப் பின்படி ஏறினார்கள். படி ஈரம். அன்ரியின் பிடிதுணி விலகிச் சூடு பட்டது. அவர் விட்டுவிட்டார். முழுக் கிடாரமும் அம்மாவின் வலது கையில் தொங்கியது.

"நீங்களும் விட்டிருக்கலாம்தானே அம்மா?"

"விட்டா?" என்றார் அம்மா, நான் ஏதோ மோட்டுத்தனமாகக் கேட்டதுபோல. "அவ்வளவு சனம் பசியோட இருக்கு. கறி முழுக்கப் படியில போயிருக்கும். அவளின்ர காலிலயும் ஊத்துப்பட்டிருக்கும்."

"படக்கெண்டு ஒரு சத்தம் கேட்டது," என்றார் அன்ரி. "நான் கிடாரத்தின்ர பிடி உடைஞ்சு போச்செண்டு நினைச்சன்."

"அந்தக் கறியை நான் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டன்," என்றேன்.

"ஓம். நல்லாயிருக்கெண்டும் சொன்னனி," என்றார் அம்மா.

"இதை ஏன் முதலே சொல்லேல்ல? இந்த நாட்டில ஆர் பிழை எண்டு ஆரும் கேக்கிறேல்ல. படியில வழுக்கினது எண்டு சொல்லியிருந்தா முடிஞ்சுது. அன்ரிக்கும் ஒண்டும் வராது, உங்களுக்கும் ஒண்டும் வராது. எனக்கு அதுதானே வேலை? என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்ரிதான் சொன்னார்.

"உன்னட்டயோ? நீதானே பிள்ளை அண்டைக்கு எங்கட வீட்டில வச்சு அந்த மண்டபத் தாளை வாசிச்சனி. வாசிச்சுப்போட்டு என்ன சொன்னனி?"

எனக்கு நினைவு வந்தது. ஜூலையில் ஒரு மாலை, அன்ரியின் வரவேற்பறையில் எட்டுப் பத்துப் பெண்கள். நான் நின்றுகொண்டு வாசித்தேன். அவர்கள் இருந்துகொண்டு கேட்டார்கள். அடுப்பு விசயத்தில் யாரோ முணுமுணுத்தபோது தாளை மடித்துவிட்டுச் சொன்னேன்: "இது ஊர் இல்லை. எழுதியிருக்கிறதை மீறிப்போட்டு, பிறகு ஏதும் நடந்தா அழுதுகொண்டு என்னட்ட வராதேங்கோ." சொன்ன விதமும் நினைவு வந்தது. என் குரல் அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

"அதுதான் வரேல்ல," என்றார் அம்மா.

மூன்று கிழமை கையைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். தாங்க முடியாமல் வைத்தியரிடம் போனபோது மண்டபத்தின் பெயர் வரக்கூடாது, அன்ரியின் பெயர் வரக்கூடாது, அடுப்பு வரக்கூடாது. வீட்டுக்குள் நடக்கக்கூடிய ஏதோ ஒன்றைச் சொன்னார். போன இடத்திலெல்லாம் திரும்பக் கேட்டார்கள். சொன்னதை எழுதி வைத்துப் பார்க்க அவரால் முடியாது. போன தடவை என்ன சொன்னேன் என்று என்னிடம் கேட்கவும் முடியாது.

அடுத்த நாள் கிளினிக்குக்குப் போனேன். பிசியோதெரபிஸ்ட் என்னைக் கண்டதும், "இன்னும் என்ன பேப்பர் வேணும்?" என்றார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். வீடியோவைக் காட்டினேன். அவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இடுப்போடு ஒட்டியிருந்த கையில் விரல் வைத்தார்.

"பாருங்க, முழங்கைய உடம்போட ஒட்டி வெச்சிருக்காங்க. அன்னிக்கே கிழிஞ்சிருச்சு. ஈரப் போர்வைக்கு இந்த மாதிரி கிழியுமான்னு எனக்கு அப்பவே டவுட்டு. இதை ஏங்க ஒளிச்சாங்க?"

"என்னாலதான்."

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு புதுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். பழைய குறிப்பில் ஒரு வரியையும் அழிக்க மாட்டேன் என்றும் சொன்னார். அழிக்க வேண்டாம் என்றேன். நிபுணரும் எழுதினார்: கீழ்நோக்கித் திடீரென்று பாரம் இழுத்தால் இந்த இடத்தில்தான் இப்படிக் கிழியும்.

மீளாய்வு மார்ச்சில் நடந்தது. நகரத்துக்குள் ஒரு சின்ன அறை. எந்தப் பக்கமும் சேராத மீளாய்வாளர் ஒரு பெண்மணி. காப்பீட்டு அலுவலகத்தின் சார்பில் ஓர் இளைஞர் திரையில் வந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். மகள் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் நான் கைகட்டி இருக்க வேண்டியிருந்தது.

இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். மூன்று விவரங்கள் தரப்பட்டிருக்கின்றன, மறுத்த பிறகு நான்காவது வந்திருக்கிறது, அதுவும் கோரிக்கையாளரின் மகள் இந்தத் துறையிலேயே வேலை செய்பவர். நான்காவதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் அவருடைய இடத்தில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். "மகள்" என்ற சொல்லில் மஞ்சளும் பூசியிருப்பேன்.

அன்ரி சாட்சி சொல்ல வந்தார். பூசைக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார். கேள்வி கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"அடுப்பு கொண்டுபோனது நான். வாகனத்தை மறைச்சு விட்டது என்ர மனுசன். கைய விட்டதும் நான். அக்காவில ஒரு பிழையும் இல்லை. என்ன தண்டனையெண்டாலும் எனக்குத் தாங்கோ. ஆனா அந்த மண்டபக்காரருக்கு மட்டும் எழுதாதேங்கோ."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை மீளாய்வாளர் காத்திருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இங்கே யாருக்கும் தண்டனை இல்லை, அடுப்பு எங்கே இருந்தது என்பது தனக்குத் தேவையும் இல்லை, படியில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அன்ரி நம்பவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "அவ உண்மையாத்தான் சொல்லுறாவோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். திரையில் இருந்த இளைஞர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கிடாரம் எவ்வளவு பெரியது என்று கேட்டபோது அன்ரி இரண்டு கைகளையும் முன்னால் வளைத்து ஒரு பெரிய வட்டம் காட்டினார். அம்மாவும் காட்டப் போனார். இடது கை போனது. வலது கை இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. அந்தப் பாதி வட்டத்தை மீளாய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடியோவை இன்னொரு முறை போடச் சொன்னார். இடது கையால் பரிமாறுவதில் என்ன விசேசம் என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்: "அவவிட்டச் சொல்லுங்கோ, எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினம். அதுவும் திருநாளில. எனக்கு வெக்கமாத்தான் இருந்தது. கை வரேல்ல."

நான்கு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அம்மா அதை என் முன்னால் வைத்துவிட்டு வழக்கம்போல் எதிர்க் கதிரையில் இருந்தார். மறுத்த முடிவு நீக்கப்பட்டது; தோளின் கிழிவு விபத்தால் ஏற்பட்டது; சத்திரசிகிச்சையைக் காப்பீடு ஏற்க வேண்டும். முதலில் சொன்ன கதைகள் ஏன் உண்மை இல்லை என்பதற்கான விளக்கத்தை நம்புகிறேன் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

"மண்டபத்துக்குப் போகுமோ இந்தக் கடிதம்?" என்று அம்மா கேட்டார்.

"போகாது."

"நீ வடிவாப் பார்த்தனியோ?"

"பார்த்தனான் அம்மா."

மே மாதம் தைத்தார்கள். ஆறு கிழமை கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. பிறகு மவுண்ட் ரோஸ்கில்லில் பழையபடி பிசியோ, இந்தமுறை அங்கீகாரத்தோடு. பிசியோதெரபிஸ்ட் என்னைக் காணும்போதெல்லாம், "என்னம்மா, இன்னிக்கு நோட்ஸ் செக் பண்ணலயா?" என்று கேட்பார். அலுவலகத்தில் நான் இப்போதும் மஞ்சள் பூசுகிறேன். அது என் வேலை. ஆனால் குளியலறையில் வழுக்கிய பெண்கள் கோப்பில் வரும்போது நான் மேலே அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். யார் பிழை என்று இங்கே கேட்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறேன். சிலர் அதே குளியலறையைத்தான் சொல்கிறார்கள். சிலர் கதவைச் சாத்திவிட்டு வந்து வேறு கதை சொல்லத் தொடங்குகிறார்கள்.

ஜூலையில் மண்டபத்தின் நிபந்தனைத் தாள் வந்தது. அன்ரி அதைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அவர் வீட்டில் அதே பெண்களுக்கு வாசித்தேன், இந்தமுறை அவர்களோடு கதிரையில் இருந்துகொண்டு. வெளியில் அடுப்பு மூட்டக் கூடாது என்ற இடம் வந்ததும் எல்லோரும் "ஓம், ஓம்" என்றார்கள். மிக விரைவாகச் சொன்னார்கள்.

திருநாளன்று பூசைக்கு முன் அன்ரியின் வாகனத்தின் பின்கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பெரிய பொருள் போர்வையால் மூடியிருந்தது. போர்வையின் ஓரத்தில் றப்பர் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. அன்ரி கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை பார்க்கிறாய்?"

வானத்தைப் பார்த்தேன். மழை வரும்போல் இருந்தது.

"அந்தப் பின்படிக்குப் போட ஏதும் கொண்டுவந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். கேள்விக்குள் வேறு கேள்வி இருக்கிறதா என்று தேடுகிறார் என்று தெரிந்தது.

"இல்லை," என்றார் கடைசியில்.

என் காரின் கால்விரிப்புகள் நான்கையும் கழற்றிக்கொண்டுபோய்ப் படியில் விரித்தேன். காலால் மிதித்துப் பார்த்தேன். பிறகு வாசகம் வாசிக்க உள்ளே போனேன். கிடாரத்தைத் தூக்க மூன்று ஆண்களைப் பிடித்து வைத்திருப்பதாக அம்மா நற்கருணை வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்று காதுக்குள் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.